வாரம் ஒருக்கா உப்புத் தண்ணி

தனக்கு விளங்காத ஒன்றை யாராவது சொன்னால் ராசாத்தாள் "சரிங்க" என்பாள். விளங்கினாலும் "சரிங்க" என்பாள். இரண்டுக்கும் குரலில் ஒரு மயிரிழை வித்தியாசம் உண்டு. அவளோடு பத்து வருஷம் பழகியவர்களுக்குத்தான் அது காதில் பிடிபடும். மற்றவர்கள், அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்தப் பழக்கம் அவளுக்குத் தறிக்குடோனில் வந்தது. சோமனூர்ப் பக்கம் பிறந்து, எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, விசைத்தறிக்கு நூல் தார் சுற்றப் போனவள் அவள். இருபது தறி ஒன்றாக ஓடுகிற இடத்தில் ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் பாதிதான் விழும். "என்னுங்க?" என்று மறுபடி கேட்டால் மேஸ்திரி, "காது செவிடா அம்மணி?" என்று எல்லார் முன்னாலும் கத்துவார். அதனால் கேட்டது பாதி, ஊகித்தது பாதி என்று வேலை செய்யப் பழகிக்கொண்டாள். ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

கல்யாணமாகிக் கோயமுத்தூர் கணபதிப் பகுதிக்கு வந்தாள். வீட்டுக்காரர் ஆறுச்சாமிக்கு லேத் பட்டறையில் வேலை. பட்டறைகள் நிறைந்த அந்தச் சந்திலேயே ஒரு காப்பிக் கடை போட்டு, பதினாறு வருஷம் நடத்தினாள். பிறகு அந்தக் கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறோம் என்றார்கள். கடை போயிற்று. அட்வான்ஸ் மட்டும் கைக்குத் திரும்பி வந்தது.

அப்போது வழி காட்டியவர் கிருபாசங்கர். அதே சந்தில் பம்புப் பட்டறை வைத்திருப்பவர், அவளுடைய கடையில் ஒரு நாளைக்கு ஐந்து காப்பி குடித்தவர். ஆர்.எஸ்.புரத்தில் டாக்டர் லட்சுமணசாமியின் ஆஸ்பத்திரிக்கு மோட்டார் மாட்டிக் கொடுத்த பழக்கத்தில், அங்கே கீழ்த்தளத்தில் ஒரு மூலை காலியாக இருக்கிறது என்று சொன்னார்.

ஆஸ்பத்திரி நிர்வாகத்தை டாக்டரின் மகள் பூஜிதா பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது. எதையும் நேராகச் சொல்கிற பெண்.

"ஃபில்டர் வேண்டாங்க்கா, இங்க கூட்டம் தாங்காது. மெஷின் நீங்களே வாங்கிக்கணும். மூணு மாசம் பார்க்கலாம். ஒத்து வரலீன்னா, பட்டன் அமுக்குனா காப்பி வர்ற மெஷின் வைக்கறதுக்கு ஒரு கம்பெனிக்காரங்க ரெடியா நிக்கிறாங்க."

"சரிங்க அம்மணி," என்றாள் ராசாத்தாள். இந்த "சரிங்க" விளங்கிய "சரிங்க". மூன்று மாதத்துக்குள் நல்ல காப்பி வரவேண்டும். வராவிட்டால் அந்த மூலையும் போய்விடும். அதற்குமேல் போக அவளுக்கு இடமில்லை.

மெஷின் வாங்கப் போனபோது கிருபாசங்கரும் கூட வந்தார். மூடிப்போன ஒரு கடையிலிருந்து வந்த பழைய மெஷின் அது. எஃகில் செய்தது, இரண்டு ஆள் தூக்குகிற கனம். விற்பவர், "இது டூ குரூப் மெஷினுங்க," என்றார்.

"என்ன குரூப்பு? ஏ பாசிட்டிவ்வா, ஓ நெகட்டிவ்வா? ஆஸ்பத்திரிக்குப் போகுது, அதுக்குத்தான் கேட்டேன்," என்றார் கிருபாசங்கர்.

விற்பவர் சிரிக்கவில்லை. காப்பி இறங்குகிற வாய் ஒன்றுக்கு ஒரு குரூப் என்று பேர், இதில் இரண்டு வாய் இருப்பதால் டூ குரூப், ஒன்பது பார் அழுத்தத்தில் டிகாஷன் இறங்கும் என்று விளக்கினார்.

"ஒம்பது பாரா!" கிருபாசங்கர் வாயில் கை வைத்தார். "அக்கா, முந்நூறு அடி ஒசரத்துக்குத் தண்ணி ஏத்தற அழுத்தமுங்க அது. ஒரு டம்ளர் காப்பிக்கு இத்தனை கோவம் எதுக்குங்க?"

விற்பவர் இன்னும் என்னென்னவோ சொன்னார். பாய்லர், கிரைண்டர், கேஸ்கெட், சாஃப்ட்னர். ராசாத்தாள் எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றாள். மூன்று மாதம் சர்வீஸ் இலவசம் என்பது மட்டும் தலையில் நின்றது.

மெஷினை மாட்டிப் பழக்கிக் கொடுக்க வந்தவள் ரம்லா. பாலக்காட்டுப் பக்கத்துப் பெண். தினமும் ரயிலில் வந்து போகிறவள். அவள் தமிழ் நன்றாகத்தான் பேசினாள், நடுநடுவே மலையாளம் எட்டிப்பார்க்கும். பொடியைக் கைப்பிடியில் நிரப்பி அமுக்குவது, டிகாஷன் தேன் மாதிரி இறங்க வேண்டுமென்பது, ஆவியில் பாலைக் காய்ச்சுவது எல்லாவற்றையும் ராசாத்தாள் இரண்டு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள். கை வேலை அவளுக்கு எப்போதும் சீக்கிரம் வரும். வார்த்தைகள்தான் தாமதம்.

மேடைக்கு அடியில் முழங்கால் உயர உருளை ஒன்று நின்றது. அதிலிருந்து ஒரு ஹோஸ் தனியாகத் தொங்கியது. பக்கத்தில் மூடி போட்ட பக்கெட் ஒன்று.

"இதுதான் சாஃப்ட்னர். தண்ணி இதில் கேறி மெஷினுக்குப் போகும். வாரத்தில் ஒரு திவசம் இந்த ஹோஸ் வழியா உப்புத் தண்ணி விடணும். அரை மணிக்கூர். மறக்கக் கூடாது. விடலைன்னா மெஷின் கேடாகும். மனசிலாச்சா?"

"சரிங்க."

ரம்லாவுக்கு ஐந்தே முக்கால் வண்டி. ஓடிவிட்டாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தண்ணீர் இரண்டு வகை. கார்ப்பரேஷன் குழாயில் சில நாளைக்கொரு முறை வருவது நல்ல தண்ணி. போர் போட்டு எடுத்து, குளிக்கவும் துணி துவைக்கவும் வைத்துக்கொள்வது உப்புத் தண்ணி. சமையலறைத் தொட்டியில் இரண்டு குழாய் இருக்கும். எது எதுவென்று வீட்டுக்கு வந்த ஒறம்பரை கூடக் கேட்டுவிட்டுத்தான் திருகுவார்கள். ஆஸ்பத்திரி மூலையிலும் அப்படி இரண்டு குழாய் இருந்தன. மெஷினுக்கு இணைப்புக் கொடுத்திருந்தது நல்ல தண்ணிக் குழாயிலிருந்து.

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது ராசாத்தாள் யோசித்தாள். இத்தனை விலை கொடுத்த மெஷினுக்கு எதற்கு உப்புத் தண்ணி? வீட்டு வாட்டர் ஹீட்டரே போர்த் தண்ணியில் ஒரு வருஷம் தாங்குவதில்லை. மறுபடி கேட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், விடாவிட்டால் கெட்டுவிடும் என்று. ஒருவேளை, வயிறு சுத்தமாக மனுசனுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கிற மாதிரி இருக்குமோ? பிடிக்காததைக் குடித்தால்தானே உள்ளே இருப்பது வெளியே வரும்? அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு முடிவுக்கு வந்தாள்.

சனிக்கிழமை பொழுதோட, கூட்டம் குறைந்த பிறகு, தொங்குகிற ஹோஸை உப்புத் தண்ணிக் குழாயில் சொருகினாள். திறந்துவிட்டாள். மெஷினுக்குள்ளும் போகட்டும் என்று அதன் வெந்நீர்க் குழாயையும் திறந்து வைத்தாள். சொல்லிக் கொடுத்ததைவிட ஒரு படி அதிகமாகவே செய்கிறோம் என்று அவளுக்குத் திருப்தியாக இருந்தது. அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மூடி போட்ட பக்கெட் எதற்கென்று தெரியவில்லை. டம்ளர் ஊறவைக்க எடுத்துக்கொண்டாள்.

காப்பி நன்றாக ஓடியது. நர்சுகள் வந்தார்கள், நோயாளிகளோடு வந்தவர்கள் வந்தார்கள். டாக்டரே பதினொரு மணிக்கு ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. திங்கட்கிழமை வெடியால முதல் காப்பி குடித்த வாட்ச்மேன் டம்ளரைத் திருப்பி வைத்தார்.

"ஏனுங்க்கா, சக்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டீங்களா?"

அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கரித்தது. லேசாகத்தான், ஆனால் கரித்தது. பத்து, பதினைந்து காப்பி போன பிறகு தானாகச் சரியாகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமையும் அதேதான். மூன்றாவது திங்கட்கிழமையும்.

திங்கட்கிழமை மட்டும் ஏன்? பால்காரரை மாற்றினாள். பொடியை வேறு கடையில் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை தான் சாப்பிடுவதில் ஏதாவது நாக்கைக் கெடுக்கிறதா என்று கறி சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். ஆறுச்சாமி, "மெஷினு திங்கக்கிழமை வெரதம் இருக்குதாட்ட இருக்குது," என்று சொல்லிச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பூஜிதாவே ஒரு திங்கட்கிழமை குடித்துவிட்டு, "என்னக்கா இது?" என்றாள். பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். அதுதான் பயமாக இருந்தது.

அன்றைக்கு மானத்தை விட்டு ரம்லாவுக்கு போன் செய்தாள். ரயில் சத்தத்துக்கு நடுவே ரம்லாவின் குரல் கேட்டது.

"உப்புத் தண்ணி விட்டீங்களா?"

"விட்டனுங்க அம்மணி. வாரம் தவறாம."

"அதுக்குப் பின்னே நல்ல தண்ணி விட்டுக் கழுவினீங்களா? பத்து மினிட்டு?"

"அதச் சொல்லலீங்களே!"

"அய்யோ, மறந்துபோயி. அது விடணும் சேச்சி. இல்லைன்னா கரிக்கும்."

அவ்வளவுதானா! ராசாத்தாளுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உப்புத் தண்ணி அரை மணி, நல்ல தண்ணி பத்து நிமிஷம். இரண்டு குழாய்க்கும் வேலை வந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை காப்பி கரிக்கவில்லை. தன் ஊகம் சரிதான் என்று அவள் இன்னும் உறுதியாக நம்பினாள்.

மூன்றாவது மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது இடது பக்க வாயில் டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மறுநாள் அதுவும் நின்றது. ஆவிக் குழாய் "ஸ்ஸ்" என்பதற்குப் பதில் கிழவர் இருமுகிற மாதிரி விட்டு விட்டு இருமியது. பால் காய ஐந்து நிமிஷம் ஆயிற்று. வரிசை ஆஸ்பத்திரி வாசல் வரை நீண்டது. அந்த நேரம் பார்த்து டை கட்டிய இரண்டு பேர் பூஜிதாவோடு வந்து, மூலையை டேப் வைத்து அளந்தார்கள். ஒருவர் ராசாத்தாளைப் பார்த்து, "கொஞ்சம் அக்கட்ட நில்லுங்க," என்றார். அவள் நகர்ந்து நின்றாள்.

சாயங்காலம் கிருபாசங்கர் ஸ்பேனர்களோடு வந்தார். கணபதிக்காரர்களுக்கு ஆறு போல்ட்டு இருந்தால் போதும், கழற்றிவிடுவார்கள். பக்கத் தகட்டை எடுத்து, ஒரு சின்னக் குழாயைக் கழற்றித் தட்டினார். உள்ளங்கையில் வெள்ளையாகத் துகள் கொட்டியது.

"உப்பு படிஞ்சு அடைச்சுப்போச்சுங்க்கா. போர்த் தண்ணிய விட்டிருக்கீங்க."

"ஆமாங்க. விடச் சொன்னாங்க."

"யாரு?"

"அந்த ரம்லாப் புள்ளதான். வாரம் ஒருக்கா உப்புத் தண்ணி விடாட்டி மெஷின் கெட்டுப்போகும்ன்னுச்சு."

கிருபாசங்கர் அவளையே பார்த்தார். "ஏனுங்க்கா, கரண்டு மரத்துல ஏறி உக்காருங்கன்னு சொன்னாலும் உக்காருவீங்களா?"

"தம்பி, எனக்கென்னங்க தெரியும் மெஷினப் பத்தி? நீங்கதான கூட வந்தீங்க!"

அவர் தணிந்துவிட்டார். கழற்றிய தகட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "பூஜிதாம்மாகிட்ட மெஷினு பழசு, அதான் கோளாறுன்னு சொல்லிப்போடுங்க. போர்த் தண்ணிப் பேச்சே எடுக்காதீங்க. எடுத்தீங்கன்னா, ஓட்டத் தெரியாத ஆளுன்னு ஆகிப்போகும்."

அவள் "சரிங்க" என்றாள். பத்து வருஷத்துக்குமேல் பழகியவர் அவர். அது விளங்காத "சரிங்க" என்று அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் ரம்லா வந்தாள். பாய்லருக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். மெஷினைக் கழற்றி எடுத்துப்போய் ஆசிட்டில் கழுவ வேண்டும், மூன்று நாள் ஆகும் என்றாள். பூஜிதாவும் வந்து நின்றாள். ரம்லா ஒரு படிவத்தை எடுத்து இங்கிலீஷில் எழுதி, "இங்கே ஒரு ஒப்பு," என்று ராசாத்தாளிடம் நீட்டினாள்.

ராசாத்தாள் பேனாவை வாங்கவில்லை. "இதுல என்னுங்க எழுதியிருக்குது?"

ரம்லா தயங்கினாள். பூஜிதா வாங்கிப் படித்தாள். "காரணம், உபயோகிச்சவங்க தப்புன்னு போட்டிருக்காங்க. அப்படீன்னா சர்வீஸ் இலவசம் கெடையாது." பிறகு ராசாத்தாளிடம் திரும்பி, "என்னக்கா பண்ணீங்க?" என்றாள்.

பழசு என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் என்ன தப்பு என்று அவளுக்கே இன்னும் விளங்கவில்லை. விளங்காததற்குப் பொய் சொல்வது எப்படி?

"அம்மணி, எனக்கு வெளங்கலீங்க. உப்புத் தண்ணி விடச் சொன்னாங்க, விட்டேன். இப்ப உப்பு படிஞ்சுபோச்சு, என் தப்புங்கறாங்க. விட்டாலும் கேடு, விடாட்டியும் கேடுன்னா நான் என்னதாங்க பண்றது?"

"உப்புத் தண்ணின்னுதான் பறஞ்சேன். நீங்க விட்டிருந்தா இப்படி ஆகாது," என்றாள் ரம்லா. பழக்கிக் கொடுத்தவள் தப்பு என்று எழுதினால் அவள் வேலைக்கும் கேள்வி வரும். "அந்த பக்கெட் எவிடெ?"

"டம்ளர் ஊறப்போட்டிருக்கறனுங்க."

"அதிலல்லவா உப்புத் தண்ணி வைக்கணும்!"

"அதுல எதுக்கு வைக்கோணும்? கொழாய்லயே வருதே!"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கேயோ இடிக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த செல்லாத்தாளை ராசாத்தாள் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் வெகுநாளாக வேலை செய்கிறவள்.

"ஏனுங், ஒரு போசி உப்புத் தண்ணி கொண்டாறீங்களா?"

செல்லாத்தாள் எதற்கென்று கேட்கவில்லை. போசியை எடுத்தாள், நேராகப் போய் வலது பக்கக் குழாயைத் திருகிப் பிடித்தாள், கொண்டுவந்து மேடைமேல் வைத்தாள். "போதுமுங்களா? இன்னொன்னு வேணுமா?"

ரம்லா போசியைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். "இது போர் வெள்ளமல்லே?"

"ஆமா. உப்புத் தண்ணி," என்றாள் பூஜிதா.

"உப்பு போட்டுக் கலக்கின தண்ணி! கல்லுப்பு! கடையில வாங்குற கல்லுப்பு!" ரம்லா தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

செல்லாத்தாள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கல்லுப்பக் கரைச்சா அது உப்புக் கரைசலுங்க. உப்புத் தண்ணின்னா இதுதானுங்க. இது கூடத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு மாப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

பூஜிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "என்கிட்ட சொல்லியிருந்தா நானும் இதத்தான் விட்டிருப்பேன்," என்றாள். பிறகு படிவத்தை ரம்லாவிடம் நீட்டினாள். "இத அடிச்சுட்டு வேற எழுதுங்க. சொன்ன வார்த்தைக்கு இந்த ஊர்ல அர்த்தம் வேறன்னு எழுதுங்க. யார் பேரும் வேண்டாம். உங்க ஆபீஸ்ல கேட்டா என்னோட பேசச் சொல்லுங்க."

ரம்லா அடித்துவிட்டு எழுதினாள். ராசாத்தாள் கையெழுத்துப் போட்டாள். மனசு கேட்காமல், "ஏனம்மணி, தண்ணியில இருக்கற உப்ப எடுக்கறதுக்கு உப்பையே போடறதா? அது எப்படிங்க?" என்றாள்.

ரம்லா விளக்கினாள். உருளைக்குள் மணல் மாதிரி ஒன்று இருக்கிறதாம். அது தண்ணீரில் வரும் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். கல்லுப்புத் தண்ணி போனால் பிடித்ததை விட்டுவிடுமாம். ராசாத்தாள் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். பிறகு மூன்றாம் தரம். மூன்றாம் தரமும் பாதிதான் விளங்கியது. ஆனால் எது செய்ய வேண்டும் என்பது இந்த முறை முழுசாக விளங்கியது.

ரம்லா வண்டிக்கு ஆள் கூப்பிடப் போனாள். பூஜிதா போகவில்லை. சிரிப்பு அடங்கிய முகத்தோடு மேடையைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன். அவங்க மெஷின் மேல் மாடிக்கு வருது. வார்டுக்காரங்க இனி அங்கயே குடிச்சுக்குவாங்க."

ராசாத்தாள் மேடைமேல் இருந்த டம்ளர்களை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

"கீழ நீங்களே இருங்க. மூணு மாசம், நாலு மாசம்ன்னு இனிமே சொல்லல. ஆனா கூட்டம் பாதியாயிடும், பரவால்லீங்களா?"

சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூலை தங்கியது. மேல்மாடி போயிற்று. பட்டனை அமுக்கினால் வருகிற காப்பி எப்படி இருக்கும், வார்டு நர்சுகள் அதைக் குடிப்பார்களா, படியிறங்கி வருவார்களா என்று கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. "இருக்கறனுங்க," என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு ஆள் சேர்ந்து மெஷினைத் தூக்கிப்போனார்கள். மேடை திடீரென்று அகலமாகத் தெரிந்தது. அந்த நேரத்தில் மருந்துச் சீட்டைக் கையில் பிடித்தபடி ஒரு பெரியவர் வந்து, சுற்றும் முற்றும் பார்த்தார்.

"காப்பி இல்லீங்களா?"

"மெஷினு கழுவப் போயிருக்குதுங்க. வியாழக்கிழமை வாங்க."

"வியாழக்கிழமை எனக்கு இங்க வேலையில்லீங்களே."

"காப்பி குடிக்கறதுக்குன்னே வாங்க," என்றாள் ராசாத்தாள். "கீழயே இருப்பேன். மாடிக்குப் போயிராதீங்க."